இஸ்திரிப் பெட்டியும் லத்தீன் வேரும்

சொல்லுக்குச் சொல் பூர்வோத்திரம் விசாரிக்கிறவர்கள் என்றொரு இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் தண்ணீர் வராது, அந்தச் சொல் பிறந்த கதை வரும். இந்த இனத்தின் சிகரம் ஒரு லாண்டரி முதலாளி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, ஒற்றை வாளியோடு தொழில் தொடங்கி, இன்று மூன்று கடைக்கு அதிபதியானவர். அவரும் இதை எழுதுகிறவரும் ஒரே ஆள்தான். தற்பெருமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் இந்த 'அவர்'.

ஒருநாள் ஒரு இளைஞர் மூச்சிரைக்க வந்து, போட்டிருந்த சட்டையைக் கழற்றி நீட்டினார்.

"இன்டர்வியூ சார். இருக்கிறது இந்த ஒரு சட்டைதான். இந்த வேலையும் போச்சுன்னா வீட்டுக்குள்ள நுழைய முடியாது."

வேறு யாராயிருந்தாலும் தேய்த்துக் கொடுத்திருப்பார்கள். நம்மவர் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "தம்பி படிச்சவர். லாண்டரிங்கிறது எங்கேருந்து வந்த சொல்லு?"

"தெரியாது சார்."

போதாதா? அவருக்கு வாயெல்லாம் பல்.

"லத்தீன்ல 'லவாரே'ன்னா கழுவுறது. பிரெஞ்சுக்காரன் வீட்டுல வளர்ந்து இங்கிலீஷ்காரன்கிட்ட வந்து சேர்ந்துச்சு. லாவட்டரியும் அதே வயித்துப் பிள்ளைதான். என் கடையும் கக்கூசும் கூடப் பொறந்ததுங்க! முதல்ல துவைக்கிற ஆளு, அப்புறம் துவைக்கிற வேலை, இப்போ கறுப்புப் பணத்தை வெளுக்கிறதுக்கும் அதே சொல்லு..."

அர்த்தங்களை விரல்விட்டு எண்ணக் கை வேண்டுமே! இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். எங்கே வைத்தார் என்று கேட்காதீர்கள்.

"என்னங்க, புகை!" கல்லாவிலிருந்து மனைவி பாய்ந்து வந்தார். சட்டை முதுகில் பெட்டியின் வடிவம், பழுப்பு நிறத்தில், அச்சு அசலாக. "கக்கூசுக்கு உறவுமுறை கண்டுபிடிச்சாச்சு. இப்ப அந்தப் பையன் எதைப் போட்டுக்கிட்டுப் போவான்?"

முதலாளி தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அந்தச் சட்டைக்குள் இன்னொரு இளைஞரும் தாராளமாகக் குடியிருக்கலாம். "உள்ள சொருகிட்டா தெரியாது தம்பி."

மாலைவரை பனியனோடு வாசலைப் பார்த்தபடியே நின்றார். இளைஞர் திரும்பி வந்தார்.

"வேலை?"

"கிடைச்சிருச்சு சார்! சட்டை ஏன் இவ்வளவு பெரிசுன்னு கேட்டாங்க. லவாரேலேருந்து ஆரம்பிச்சேன்."

"ஒண்ணு போதாதுன்னு ரெண்டா?" என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த லாவட்டரி சமாச்சாரத்தை இன்று பொழுது சாய்வதற்குள் யாரிடமாவது சொல்லாமல் உங்களால் இருக்க முடியுமா? சொல்லுங்கள், வேண்டாமென்று யார் தடுத்தார்கள்? சொல்லும்போது கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.