புலிக்கு முன்னால் பத்தியம்

மனிதன் காலே படாத காடு என்று பேர். ஆனால் மூலைக்கு மூலை செல்போன் டவர் நின்ற ஒரு காட்டில் செங்கமலம் என்றொரு புள்ளிமான் இருந்தாள். அவளுக்கு ஒரே மகள் அமுதா. ஒரே கவலையும் அமுதாதான்.

அந்தக் காட்டுப் புலிக்கு வயதாகி முட்டி தேய்ந்துவிட்டது. துரத்திப் பிடிக்க முடியவில்லை. அதனால் மான்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி காலையில் மான்கள் எல்லாம் பந்தயம் ஓட வேண்டும். கடைசியாக வருகிறவர் புலிக்கு. துரத்த முடியாத புலிக்கு எதற்காகப் பயப்பட வேண்டும் என்று எந்த மானும் கேட்கவில்லை. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தானே.

போன பௌர்ணமியில் அமுதா கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். செங்கமலத்துக்கு அன்றிலிருந்து அசை போட்டது செரிக்கவில்லை.

மற்ற மான்களைப் போல அவளும் மகளை ஞானசேகரன் நரி சொன்னபடிதான் வளர்த்தாள். நரி தினமும் செல்போனில் பேசி அனுப்பும். "சாயங்காலத்துக்கு மேல் புல் தின்றால் அது அப்படியே கொழுப்பாகிவிடும். பயிற்சியின்போது தண்ணீர் குடித்தால் கால் கனத்துவிடும். புல் என்பது வெறும் மாவுச்சத்து, மேடம். சிறுத்தை புல் தின்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? அது எப்படி ஓடுகிறது?"

நியாயமாகத்தான் பட்டது. அமுதாவும் புல்லைக் குறைத்தாள். விலா எலும்பு தெரிந்தது. நான்கு எட்டு ஓடினால் கண் இருட்டியது.

"கண் இருட்டினால் நல்லது. கெட்டதெல்லாம் வெளியேறுகிறது" என்றது நரி.

பயம் தாங்காமல் செங்கமலம் ஆற்றங்கரைக்குப் போனாள். அங்கே நாச்சியார் என்ற நாரை ஒற்றைக்காலில் நின்றது. யார் என்ன தின்கிறார், எப்படி ஓடுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அதனிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. எதைக் கேட்டாலும் "அதை அப்படிச் சொல்லிவிட முடியாது" என்றுதான் ஆரம்பிக்கும்.

"அக்கா, என் பிள்ளை ராத்திரி புல் தின்னலாமா?"

"அதை அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் புல்லுக்குப் பொழுது பார்க்கத் தெரியாதடி. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு தின்றாள் என்பதுதான் கணக்கு."

"தண்ணீர்?"

"காட்டுப் பன்றிகளில் பாதிப் பேருக்குத் தண்ணீர் கொடுத்து, பாதிப் பேரைக் காயவிட்டு ஓடவிட்டேன். பிறகு ஆளை மாற்றி ஓடவிட்டேன். இரண்டு தடவையும் காய்ந்தவர்கள்தான் நாக்கைத் தள்ளினார்கள்."

"சிறுத்தை புல் தின்பதில்லையே, அக்கா."

"நீ முதலில் சிறுத்தையைப் பெற்றிருக்க வேண்டும். மானைப் பெற்றுவிட்டாய். மானுக்கு ஓட்டம் புல்லில்தான் இருக்கிறது. போய் எல்லோருக்கும் சொல்லு."

சொல்லத்தான் புறப்பட்டாள். வழியில் பக்கத்துப் புதர் குமரவேல் எதிரே வந்தான். கொம்பு முளைத்ததிலிருந்து அவனுக்குத் தரை தெரிவதில்லை.

"என்ன அத்தை, அமுதாவுக்கு வழியனுப்பு விழா எப்போ?"

செங்கமலம் வாயைத் திறந்தாள். பிறகு யோசித்தாள். எல்லோரும் புல் தின்றால் எல்லோரும் ஓடுவார்கள். எல்லோரும் ஓடினாலும் ஒருவர் கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்?

"உனக்குத்தான் தம்பி தேடிக்கொண்டு வந்தேன்" என்றாள். "நரி ஐயா இன்றைக்கு அனுப்பியதைக் கேட்டாயா? தண்ணீரைப் பார்த்தாலே கால் கனக்குமாம்."

அன்றிலிருந்து நரி பேசியதையெல்லாம் கேட்காமலே எல்லா மானுக்கும் அனுப்பினாள். அமுதாவை மட்டும் ஆற்றோரம் கூட்டிப்போய் வயிறு முட்ட மேயவிட்டு, தண்ணீர் காட்டி, தூங்கவைத்தாள்.

பௌர்ணமி வந்தது. அமுதா காற்றாகப் பறந்து முதலில் வந்தாள். மற்ற மான்கள் தள்ளாடி வந்தன. குமரவேல் எல்லைக்குப் பக்கத்தில் தொண்டை வறண்டு சுருண்டு விழுந்தான். செங்கமலத்துக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அன்றைக்குப் பார்த்து நன்றாகச் செரித்தது.

புலி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது.

"என்னடா இது, கொம்பைக் கடித்தாலும் ஒன்றுதான், தொடையைக் கடித்தாலும் ஒன்றுதான். எல்லாம் நரி மெலியவைத்த சரக்கா?" சுற்றிலும் பார்த்த புலியின் கண் அமுதாவிடம் நின்றது. "அந்தப் பெண் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள். ஒப்பந்தத்தை மாற்றுகிறேன். அடுத்த பௌர்ணமியிலிருந்து முதலில் வருகிறவர் எனக்கு."

மாற்றக்கூடாது என்று எந்த மானும் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே செங்கமலம் புதர் புதராக ஏறி இறங்கினாள். "நரி பேச்சை நம்பாதீர்கள், தாயி. எல்லாம் புளுகு. நாரை அக்கா பன்றிகளை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு நிறையப் புல் கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள். உண்மையை மறைத்தால் பாவம்" என்று கண்கலங்கச் சொன்னாள். தாய்மான்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டன.

வீட்டுக்கு வந்ததும் அமுதாவின் வாயிலிருந்த புல்லைப் பிடுங்கினாள்.

"போதும். நரி ஐயா என்ன சொல்கிறார் என்று கேள்."

நீதி: அறிவியல் உண்மையை ஊரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்; அதற்கு முன், புலி இப்போது யாரைத் தின்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.