இருட்டுக்கு ஒரு சான்றிதழ்

இருட்டும் அரசாங்கச் சொத்துதான். ஆகவே அதை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்ததில் யாரும் குறை சொல்ல முடியாது.

மேற்படி இருட்டு, பூமிக்கு அடியில் மூடி வைத்த ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடிக் கண்கள். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தால் நியூட்ரினோ என்ற துகள்கள் கிளம்பி, மலையோ மனிதரோ எதையும் சட்டை செய்யாமல் ஊடுருவிப் போகும். தப்பித்தவறி ஒன்றிரண்டு தண்ணீரில் மோதினால் மினுக்கென்று ஒரு வெளிச்சம்; அதைக் கண்கள் பிடித்துக்கொள்ளும். அதை வைத்து அந்தத் துகளின் எடையைக் கணக்கிடலாம். அதற்காகத்தான் விஞ்ஞானி தலை நரைக்கும் வரை தவம் கிடந்தார். மனைவி எங்கே கூப்பிட்டாலும், "நான் இல்லாத நேரம் பார்த்து வெடிச்சிட்டா?" என்பார்.

ஆய்வு அதிகாரி வந்து விஞ்ஞானியைக் கேட்டார்.

"உள்ளே இருட்டா இருக்கா?"

"சுத்தமான இருட்டு சார்."

"நான் பார்க்கணுமே."

"பார்த்தா ஒண்ணும் தெரியாது சார்."

"தெரியலைன்னா இருக்குன்னு எப்படி எழுதுறது? லைட்டைப் போடுங்க."

இயங்கும்போது வெளிச்சம் பட்டால் கண்ணாடிக் கண்கள் கெட்டுவிடும். எனவே எலக்ட்ரீஷியன் முதலில் அவற்றை அணைத்தார். பிறகு மூடியைத் திறந்து விளக்கைப் போட்டார். அதிகாரி மூலை முடுக்கெல்லாம் எட்டிப் பார்த்தார். "எங்கே இருட்டு?"

"லைட் போட்டதும் போயிடுச்சு சார்."

"யாரைக் கேட்டுப் போச்சு?"

கடைசியில் அதிகாரி இப்படிச் சான்றிதழ் கொடுத்தார்: "ஆய்வின்போது இருட்டு இடத்தில் இல்லை. எனினும் விளக்கை அணைத்தவுடன் தாமதமின்றிப் பணிக்குத் திரும்பியது."

அதிகாரி தொலைந்தார். எலக்ட்ரீஷியன் மூடியைப் போட்டு, கண்களை மறுபடி இயக்கிவிட்டு, ஆய்வின்போது எடுத்த போட்டோவைக் காட்டினார். விஞ்ஞானிக்கு முகம் விழுந்துவிட்டது.

"என்னப்பா, கண்ணை மூடியிருக்கேன்? பேப்பர்ல வரப் போற படம். இன்னொரு தடவை லைட்டைப் போடு, தனியா நிக்கிறேன்."

"இப்பத்தான் சார் எல்லாத்தையும் ஆன் பண்ணேன்."

"இத்தனை வருஷம் வராதது, இந்த ரெண்டு நிமிஷத்துலதான் வரப் போகுதா?"

வந்தது. ஒரு நட்சத்திரம் வெடித்து, அதன் துகள்கள் சில நொடிகள் பூமியைத் துளைத்துக்கொண்டு போயின. உலகத்திலுள்ள மற்ற தொட்டிகளெல்லாம் கண்டன. போட்டோவுக்காகக் கண்களை அணைத்திருந்த இவருடைய தொட்டிக்கு மட்டும் எதுவும் தெரியாது. மறுநாள் வெடிப்பு பதிவான நேரத்தையும் இரண்டாவது போட்டோ எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்; இரண்டும் ஒன்று. அன்றிலிருந்து மேடைதோறும், "அதிகாரிகள் அறிவியலின் கண்ணைக் கட்டுகிறார்கள்" என்று முழங்குகிறார். நாமும் ஆளுக்கொரு அதிகாரியை நினைத்துக்கொண்டு கைதட்டுகிறோம். இரண்டாவது போட்டோவைப் பற்றி அவர் பேசுவதில்லை.

அதை அவர் மனைவிதான் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"நீங்க இல்லாத நேரம் வெடிச்சிடுமோன்னு என் தம்பி கல்யாணத்துக்குக்கூட வரலை. பரவாயில்லை, வெடிக்கிறப்ப அங்கேயே இருந்திருக்கீங்க. கண்ணும் நல்லாத் திறந்திருக்கு."