அவசரத்துக்கு ஓர் ஆள்

"அண்ணே, இதுல அக்கா பேரு மட்டும்தான் இருக்கு. நான் செத்தா போயிட்டேன்?"

நுன்சியா போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பாதி சவரத்தில் இருந்த வாடிக்கையாளரும் எட்டிப் பார்த்தார்.

கலோஜெரோ எட்னா எரிமலையின் அடிவார நகரமான கத்தானியாவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். கல்யாணம் ஆகவில்லை, தனியாள். "திடீர்னு ஏதாவது ஆனா யாரைக் கூப்பிடறது?" என்று டாக்டர் கேட்டதால், அன்று காலைதான் அக்கா அகத்தாவின் எண்ணை அவசர எண்ணாகப் பதிந்திருந்தார். போன் பூட்டியிருந்தாலும் அது தெரியுமாம்.

"அக்கா மூத்தவ. அதான்..."

"அவ போனைத் தேடி எடுக்கறதுக்குள்ள உன்னைப் புதைச்சே முடிச்சிருப்பாங்க!"

நியாயமாகத்தான் பட்டது. அகத்தாவை எடுத்துவிட்டு நுன்சியாவைப் போட்டார். மாலைக்குள் விஷயம் அகத்தாவுக்குப் போய்விட்டது.

"உனக்கு அம்மை போட்டப்ப தூங்காம உட்கார்ந்திருந்தது யாருடா? அவளா?"

கேட்டுவிட்டுப் போனை வைத்தவள், அப்புறம் எடுக்கவே இல்லை.

இருவரையும் போட்டார். முதலில் யார் என்று சண்டை வந்தது. இருவரையும் நீக்கிவிட்டு எதிர்க் காப்பிக்கடை தூரியைப் போட்டார். அக்காவும் தங்கையும் அப்போதுதான் ஒற்றுமையானார்கள்.

"கூடப் பிறந்தவங்க ரெண்டு பேர் குத்துக்கல்லாட்டம் இருக்கோம், காப்பிக்கடைக்காரன் கேக்குதா உனக்கு?"

"என்னை விட்டுடு மச்சான்," என்று தூரி கையெடுத்துக் கும்பிட்டான். "உங்க அக்கா கத்தின கத்துல, கடையில இருந்த ரெண்டு பேரும் காப்பியை வெச்சுட்டு ஓடிட்டாங்க."

கடைசியில் கலோஜெரோ தன் எண்ணையே போட்டுக்கொண்டார். இனி யாருக்கும் வருத்தமில்லை.

அந்த வாரமே எட்னா மலை கருஞ்சாம்பலைக் கொட்டியது. கடை வாசல் பந்தல் துணி சாம்பல் பாரத்தில் தொய்ந்துவிட்டது. பெருக்கித் தள்ள ஏணியில் ஏறினார். ஏணி சறுக்கியது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

கண் விழித்தபோது தலையில் கட்டு. நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"டாக்டர் உங்க போன்ல இருந்த அவசர எண்ணைக் குறிச்சுக்கிட்டு, போனைத் திரும்ப வெச்சுட்டு அடிச்சாரு. உங்க சட்டைப்பையில மணி அடிச்சுது. நான்தான் எடுத்தேன். ‘உங்க ஆளு இங்க அடிபட்டுக் கிடக்காரு’ன்னாரு. ‘தெரியுது டாக்டர், உங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறேன்’னேன்."

கலோஜெரோவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பேர் இருந்தும் தனக்கு ஆள் இல்லாமல் பண்ணிக்கொண்டது தானேதான்.

அப்போது கடைநிலை ஊழியர் ஒருவர் தண்ணீர்க் குவளையோடு கதவைத் தள்ளித் திறந்தார்.

வெளியே தாழ்வாரம் முழுக்க ஜனம். தூரி, ரொட்டிக்கடைக்காரர், பெயர் தெரியாத வாடிக்கையாளர்கள், தெருவில் வணக்கம் மட்டும் சொல்லும் பாதிரியார். அத்தனை முகங்களும் சாம்பலில் கரேலென்று இருந்தன. நடுவில் அகத்தாவும் நுன்சியாவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கலோஜெரோ வாய் பிளந்தபடி பார்த்தார். சர்ச்சில் நிற்பதுபோல் அவரையறியாமல் கை நெஞ்சுக்குப் போயிற்று.

"இவங்களுக்கெல்லாம்... யாருங்க தகவல் சொன்னது?"

ஊழியர் குவளையை வைத்தார்.

"தகவலா? ஆம்புலன்ஸ் சாம்பல்ல மாட்டிக்கிட்டு வரவே இல்ல சார். காப்பிக்கடைக் கதவைக் கழட்டி, அதுல உங்களைக் கிடத்தி, ஊரைத் தாண்டித் தோள்ல சுமந்துட்டு வந்ததே இவங்கதான்."