எங்கள் சோளக்கொல்லையில் ஹுர்டா விருந்து

மகாராஷ்டிராவில் விவசாயியாக இருந்தால்தான் விவசாய நிலம் வாங்க முடியும். தென்காசிப் பக்கம் அப்பா பெயரில் இருந்த வயலைக் காட்டி, நானும் விவசாயிதான் என்று சர்க்காரை நம்பவைத்துவிட்டேன். நிலத்தைத்தான் நம்பவைக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. குடியிருப்பு புணே நகரத்துக் கட்கியில், வேலை ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில், உற்பத்தித் திட்டமிடும் பிரிவில். (எந்த மெஷினும் ஒரு நிமிஷம் சும்மா நிற்கக் கூடாது என்று கத்துவதற்குச் சம்பளம்.) கம்பெனி பஸ் ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, ரஞ்சன்காவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டேன்.

வாங்கிப் போடுவதாம்! போட்ட இடத்தில் சும்மா கிடக்க அது என்ன பழைய பீரோவா? வேலி போட்டால் கல்தூண்களை யாரோ பிடுங்கிக்கொண்டு போனார்கள். கிணற்றைத் தூர்வாரினால் மோட்டார் களவு போயிற்று. புது மோட்டாரைப் பூட்டிப் பாதுகாத்தால் கரண்ட் வரவில்லை. வரப்பு வேறு ஒவ்வொரு உழவுக்கும் எங்கள் பக்கமாக நகர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்கிற ஒன்றே எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று. என் மனைவி மல்லிகா, வேலிக்காக வளையலைக் கழற்றிக் கொடுத்தபோதுகூட வாய் திறக்கவில்லை. மகளின் பள்ளி ஆண்டுவிழாவை விட்டுவிட்டு நான் முள் வெட்டப் போன அன்றுதான் வெடித்தாள்.

"ஏங்க, ஒரு வாய் திங்கறதுக்கு ஏதாச்சும் வெளைஞ்சுதா அந்த நெலத்துல? இந்தக் குளிருக்குள்ள எனக்குக் காட்டுங்க. இல்லாட்டி பேசாம வித்துடுங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஹுர்டா விருந்தே வைக்கிறேன் பாரு!"

ஹுர்டா என்பது புணேக்காரர்களுக்குக் குளிர்காலத் திருவிழா மாதிரி. பால் பிடித்த சோளக் கதிரை வரட்டி நெருப்பில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கி, சுடச்சுட வேர்க்கடலைச் சட்னியோடு தின்பார்கள். சொந்த வயல் இருப்பவன் நாலு பேரைக் கூப்பிட்டு விருந்து வைப்பதில் ஒரு கெத்து உண்டு. அந்த கெத்துக்குத்தான் நான் ஆசைப்பட்டேன்.

பக்கத்து நிலத்துக்காரர் தாத்யாதான் எங்கள் நிலத்தையும் உழுது விதைப்பார். கூலிக்குப் பதிலாகச் சோளத்தட்டு அவருடைய எருமைகளுக்கு. (பரம ஏழை என்று நினைக்க வேண்டாம். அவர் ஜீப்பில் வருவார், நான் ஸ்கூட்டரில் போவேன்.) விதைக்கிற அன்று அவர் விட்ட இடைவெளியைப் பார்த்ததும் எனக்குள் இருந்த உற்பத்தி அதிகாரி விழித்துக்கொண்டார். இவ்வளவு இடமும் வீணாகவா கிடப்பது?

"நெருக்கமாப் போடுங்க தாத்யா. இன்னும் நெருக்கமா!"

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமாத்தான்!"

அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. என் மூளையைப் பார்த்து அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் தொழிற்சாலையில் ஆர்டர் நெருக்கடி; ஞாயிறும் வேலை. வயலுக்குப் போகவே முடியவில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து தூரத்தில் தெரியும். அடடா, பச்சைச் சுவர் எழுப்பியது போல நின்றது! ஊரில் யாருடைய சோளமும் அந்த உயரம் இல்லை. பஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். எங்கள் மேனேஜரையே குடும்பத்தோடு விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு, கட்கியிலிருந்து மல்லிகாவின் சொந்தபந்தம் அத்தனையும் டெம்போவில் வந்து இறங்கியது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார்தான் தலைமை. மல்லிகா தூக்குவாளி நிறையச் சட்னி அரைத்து வந்திருந்தாள். குழி வெட்டி வரட்டியை மூட்டிவிட்டு, "போய்ப் பறிச்சிட்டு வாங்க மாமா" என்று ராஜா மாதிரி உத்தரவு போட்டேன்.

மாமனார் சோளத்துக்குள் மறைந்தார். வெகுநேரம் சலசலப்பு மட்டும் கேட்டது. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"மாப்ள, எத்தப் பறிக்கறது?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். தட்டு, தட்டு, தட்டு. விரல் தடிமன்கூட இல்லாமல், ஆளுக்கு மேல் வளர்ந்த தட்டு. ஒரு கதிர் கிடையாது. மருந்துக்குக்கூடக் கிடையாது!

பின்னாலேயே வந்த மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இப்படி நெருக்கி விதைத்தால் கதிர் எங்கே வரும், மாட்டுத் தீவனத்துக்குத்தானே இப்படிப் போடுவார்கள் என்றார். "எருமைக்கு விருந்து வச்சிட்டு எங்களை ஏன்யா கூப்பிட்டே?"

அந்த நேரம் பார்த்துத் தாத்யாவின் ஜீப் வந்தது. தீவனம் அறுக்க ஆட்களோடு வந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தம் எருமைகள் சார்பில் உருக்கமாக நன்றி சொன்னார். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. மல்லிகாவின் முகத்தை நான் பார்க்கவேயில்லை.

விஷயம் தெரிந்ததும் தாத்யா, "ஹுர்டாதானே? என் கொல்லைக்கு வாங்க" என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார். அவர் கதிர், எங்கள் சட்னி. மாமனார் ஒவ்வொரு கதிரையும் கசக்கும்போது "எத்தப் பறிக்கறது!" என்று தானே சொல்லிச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

திரும்பும்போது டெம்போவில் மெதுவாகச் சொன்னேன். "வித்துடலாம் மல்லிகா."

"எதுக்கு? அம்மா போனதுக்கப்புறம் அப்பா இப்டி சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன். நெலம் இருக்கட்டும். நீங்க மட்டும் அந்தப் பக்கம் போவாதீங்க."

அவள்மேல் அன்று எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை. அதன்பிறகு தாத்யாவிடம் மராத்தியில் பேசிப் பேசி விவசாயம் செய்ததெல்லாம் அவள்தான். நிலக்கடலை மூட்டை மூட்டையாக வந்தது. வரப்புகூட நகர்வதை நிறுத்திக்கொண்டது.

எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி. மகளுக்கு வரன் பார்க்கும்போது, பையன் ஆறடி உயரம், பணக்காரர்கள் வசிக்கிற ஔந்தில் ஃப்ளாட் என்று தரகர் அடுக்கினால், அடுக்களையிலிருந்து மல்லிகா கேட்பாள்: "எல்லாம் சரி, கதிர் இருக்கா?"

இதை எழுதி முடித்து அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். கட்கியில் பிறந்து வளர்ந்தவள்; தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தாள்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"நல்லா நெருக்கமாத்தான் வெதைச்சிருக்கீங்க" என்றாள். "கதிர் இருக்கா?"