கமிட்டி நடத்திய உணவுக் கோளாறு வாரம்

மருந்தால் தீர்ந்த நோய்கள் உலகில் ஆயிரம் உண்டு. தீர்மானத்தால் தீர்ந்த நோய் ஒன்றே ஒன்றுதான்: உணவுக் கோளாறு. அதைத் தீர்த்த பெருமை எங்கள் அலுவலக நலக் கமிட்டிக்கு உரியது. அதன் செயலாளர் அடியேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது, ஆனால் உண்மையை மறைக்கவும் முடியாதே.

தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. உணவுக் கோளாறு பற்றி ஒரு வாரம் ‘விழிப்புணர்வு’ ஊட்டி, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆதரவு தர வேண்டுமாம். கமிட்டி உடனே கூடியது.

“உணவுக் கோளாறுன்னா என்னய்யா? அஜீரணமா?” என்றார் மேனேஜர்.

நான் அறிக்கையைப் படித்தேன். “சில பேருக்குச் சாப்பிடவே பயமாம் சார். சில பேருக்கு ஆரம்பிச்சா நிறுத்த முடியாதாம். மனசு சம்பந்தப்பட்டது. ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதுன்னு போட்டிருக்கு.”

மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியாக அலுவலகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “நான் பார்த்துட்டேன். நம்மகிட்ட யாரும் இல்ல.”

‘யாரும் இல்லை’ என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இல்லாதவர்களுக்கு ஆதரவு தருவது எப்படி என்று அதன்பிறகு இரண்டு மணி நேரம் விவாதித்தோம்.

நிகழ்ச்சிகளில் பாரபட்சமே கிடையாது. சாப்பிட முடியாதவர்களை மகிழ்விக்க வேகமாகச் சாப்பிடும் போட்டி. நிறுத்த முடியாதவர்களுக்குப் பட்டினியின் மகிமை பற்றிச் சொற்பொழிவு. வாசலில் ரிப்பன் கட்டிய எடை மெஷின். ஏறி இறங்கினால்தான் வருகைப் பதிவு. ‘உணவும் நானும்’ என்று ஒரு கட்டுரைப் போட்டி.

கட்டுரைகளுக்குப் பெட்டி வேண்டுமே. புதுப் பெட்டி வாங்க அனுமதி வர மூன்று மாதமாகும். ஆகவே, லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான் என்பதால் என் மேசைமேல் லீவு லெட்டர் போடுவதற்காக இருந்த மரப்பெட்டிக்கு ஜிகினாத் தாள் ஒட்டிப் பதவி உயர்வு அளித்தோம். லீவு லெட்டரை இனி எங்கே போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. விழா வாரத்தில் லீவு கேட்கும் துரோகி எங்கள் அலுவலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

இருந்தான், என் மச்சினன். மனைவியின் தம்பி, ரெக்கார்டு ரூம் கிளார்க். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். வாட்டசாட்டமான ஆள், எந்நேரமும் தமாஷ். செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தான்.

“சார், எட்டு வாரம் லீவு வேணும். டாக்டர்கிட்ட சிகிச்சைக்கு இடம் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வரேன்னு சொல்லலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

“நல்லா கிண்ணுன்னுதானேடா இருக்கே. உனக்கு என்ன கேடு?”

அவன் சிரிக்கவில்லை. “லெட்டர்ல எல்லாம் எழுதி, பெட்டியில போட்டுட்டேன்.”

“விழா முடியட்டும், பார்க்கலாம்” என்றேன். தோரணம் கட்ட ஆள் கிடைக்காத கவலை எனக்கு. புதனும் வியாழனும் அவன் கேட்டான். அதே பதிலைச் சொன்னேன். வீட்டில் கேட்டபோது, ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்று அறிவுரையும் சொன்னேன்.

கட்டுரைகள் முப்பத்தொன்று சேர்ந்தன. பெயர் தெரியாதபடி மேலும் கீழும் தாள் ஒட்டியது நான்தான். நடுநிலை கெடக்கூடாது என்பதால் ஒன்றையும் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேனேஜர் மேடையேறி, தாமே தேர்ந்தெடுத்த முதல் பரிசுக் கட்டுரையை வாசித்தார்.

“வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறவன்போல நடிக்கிறேன். யாரும் இல்லாதபோது நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறேன். பிறகு என்னை எனக்கே பிடிக்காமல் போகிறது. தமாஷ் பேசி மறைத்துப் பார்த்தேன். தனியாகச் சமாளிக்க இனிமேல் முடியவில்லை. தயவுசெய்து உதவுங்கள்.”

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்ன ஒரு கற்பனை. எழுதினவர் மேடைக்கு வரணும்.”

மச்சினன் எழுந்து வந்தான். “சார், இது கட்டுரை இல்ல. என் லீவு லெட்டர்.”

“அடக்கத்தைப் பாருங்கய்யா” என்றார் மேனேஜர். கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆயிற்று. அவன் கேடயத்தை வாங்கவில்லை. என்னிடம் வந்து நின்றான்.

“மாமா, மணி நாலரை.”

அலுவலகத்தில் அவன் என்னை மாமா என்று கூப்பிட்டதே இல்லை. லெட்டரை மேனேஜர் கையிலிருந்து பிடுங்கி, கையெழுத்துப் போட்டேன். “யோவ், பரிசுக் கட்டுரையைக் கெடுக்கிறீரே” என்றார் அவர். அவன் வராந்தாவுக்கு ஓடிப் போன் பேசினான். இடம் இன்னும் இருந்தது.

“திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. முதல் நாள் வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரணுமாம்” என்றவன், உடனே, “உங்களுக்கு மீட்டிங் இருக்கும். அக்காவைக் கூட்டிக்கிறேன்” என்றான்.

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “நானும் வரேன்டா” என்றேன்.

உள்ளே போய், மச்சினனோடு போகத் திங்கட்கிழமை எனக்கு லீவு வேண்டும் என்றதும் மேனேஜர் முகம் சுருங்கியது. “திங்கக்கிழமை விழா வெற்றி பற்றிப் பரிசீலனைக் கூட்டம். செயலாளர் இல்லாமலா? அவனுக்குக் கோளாறு, சரி. உமக்கு என்னய்யா கோளாறு?”

“ரெண்டு வருஷமா எதிர்ல உக்காந்து சாப்பிடறவன் முகத்தை ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்காத கோளாறு சார்.”

மேனேஜர் யோசித்தார். முகம் மலர்ந்தது. “அருமையான தலைப்பு. அடுத்த வருஷம் அதுக்கு ஒரு வாரம் கொண்டாடிடுவோம்.”

கமிட்டியின் மற்ற ஆறு பேரும் கைதட்டினார்கள். வராந்தாவில் நிற்பவனுக்கு இடம் கிடைத்ததா என்று ஆறில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.