கைராசிக் காற்று

பேட்டரி மறுபடியும் செத்திருந்தது.

மாதவன் சின்ன பல்பின் ஒயரை இரண்டு முனையிலும் தொட்டுப் பார்த்தான். பல்ப் கண்ணே திறக்கவில்லை.

"இன்னிக்கு காத்தாடி சுத்துச்சா இல்லையா?" என்று மொட்டை மாடியிலிருந்து கத்தினான்.

"சுத்துச்சுங்க. காலைல நீங்க வேலைக்குப் போனதுல இருந்து மத்தியானம் வரைக்கும் கிறுகிறுன்னு சுத்திட்டே இருந்துச்சு. அப்புறம் மெல்ல நின்னு போச்சு," என்றாள் அவன் மனைவி அக்‌ஷரா.

"அரை நாள் சுத்தியிருக்கு. அப்ப சார்ஜ் எங்க போச்சு?"

"என்னைக் கேட்டா? நானா குடிச்சுப்போட்டேன்?"

மாதவன் கமுதிப் பக்கத்துக்காரன். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக். முரண்டு பிடிக்கும் மிஷின்கூட அவன் கை பட்டால் வாயை மூடிக்கொண்டு தைக்கும். அந்தத் தைரியத்தில்தான் பிளாஸ்டிக் பைப்பைப் பிளந்து இறக்கை செய்து, பழைய இரும்புக் கடையில் கிடைத்த கார் மோட்டாரில் மாட்டி, மாடிக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நட்டிருந்தான். காற்று இறக்கையைச் சுழற்றும், மோட்டார் கரண்ட் கொடுக்கும், பேட்டரி ஏறும்.

எல்லாம் வெள்ளிக்கிழமைக்காக. அன்றைக்குப் பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. அன்றைக்குத்தான் அக்‌ஷராவின் அப்பா மாரப்பன் குன்னத்தூரிலிருந்து விருந்துக்கு வருகிறார். பதிவுத் திருமணம் நடந்து மூன்று வருஷத்தில் முதல் முறை.

"எம் ஊட்டுக்காரரு காத்துலயே கரண்ட் எடுக்கறாருன்னு அப்பன்கிட்ட பெருமையாச் சொல்லிப்போட்டனுங்க. மானத்தை வாங்கிப்போடாதீங்க."

மாதவன் பேட்டரியைச் சுமந்துகொண்டு வேல்குமாரின் பேட்டரிக் கடைக்கு ஓடினான். வேல்குமார் தண்ணீர் ஊற்றி, முழுக்க சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒயரை மாட்டினான். மாட்டிய நொடியில் இறக்கை சிலிர்த்தது, அசைந்தது, வேகமெடுத்துச் சுழன்றது.

"பாத்தியா என் கைராசிய! ஒயரைத் தொட்டதும் காத்து வருது!"

சாயங்காலம் வந்து பார்த்தால் பேட்டரி காலி.

"பேட்டரிக்கு வயசாயிப் போச்சுங்க. புதுசு போடுங்க," என்றார் வேல்குமார்.

புதுசு போட்டான். காற்றாடி முன்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றியது. அக்‌ஷரா காயப்போட்டிருந்த துண்டுகூடப் பறந்துபோனது. ஆனால் பொழுது சாய்வதற்குள் புது பேட்டரியும் செத்தது.

மாதவனுக்குத் தலை சுற்றியது. காற்று கூடக் கூட சார்ஜ் குறைகிறதே, இது எந்த ஊர் நியாயம்?

வேல்குமாரும் தலையைச் சொறிந்தார். "காத்து ஜாஸ்தியானதால ஒரு பேட்டரி தாங்கலையோ என்னமோங்க. ரெண்டாப் போட்டுப் பாருங்க."

வெள்ளிக்கிழமை காலை, கடையில் சார்ஜ் ஏற்றிய இரண்டு புது பேட்டரிகளை மாடியில் மாட்டினான். அங்கேயே சார்ஜ் ஏற்றிய பழைய பேட்டரி வீட்டுக்குள் சின்ன டேபிள் ஃபேனை ஓட்டியது.

மாரப்பன் வந்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மருமகனை மட்டும் பார்க்கவில்லை.

"வாங்க மாமா."

"ம்."

இலை போட்டு, பொரியல் வைத்து, சாதம் பரிமாறும் நேரத்தில் டேபிள் ஃபேன் இரண்டு முறை முனகிவிட்டு நின்றது. மாரப்பனின் நெற்றியிலிருந்து வியர்வை இலையில் சொட்டியது. அக்‌ஷரா கணவனைப் பார்த்த பார்வையில் சாதம் இன்னொரு முறை வெந்திருக்கும்.

"ஒரு நிமிஷம் மாமா, மேல பேட்டரி ஏறிக்கிட்டிருக்கு, எடுத்தாந்துர்றேன்," என்று மாதவன் மாடிக்குப் பாய்ந்தான்.

புழுக்கம் தாங்காமல் மாரப்பனும் பின்னாலேயே ஏறி வந்தார். கொட்டகைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ஜிலுஜிலுவென்று காற்று அடித்தது.

"அட! கண்ணு, இலையை இங்கயே கொண்டாந்து போடு சாமி!"

அங்கேயே சாப்பிட்டார். ரசம் கேட்டு வாங்கினார். பாயசம் இரண்டு டம்ளர் குடித்தார்.

"எங்க தோட்டத்துலகூட இப்படிக் காத்து இல்லீங்க மாப்பிள்ளை. அடுத்த மாசம் ரெண்டு பேரும் வாங்க. அங்கயும் இதே மாதிரி ஒண்ணு நட்டுப்போடலாம்."

மாப்பிள்ளை! அக்‌ஷரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாதவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இருங்க மாமா, எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்குன்னு காட்டுறேன்," என்று பேட்டரி ஒயரைக் கழற்றினான்.

இறக்கை மெதுவாகி நின்றது. மாரப்பனின் தோளில் படபடத்த துண்டு தொங்கிப்போனது.

"ஏனுங் மாப்பிள்ளை, காத்து நின்னு போச்சுங்ளா?"

"இல்ல மாமா... நான் ஒயரத்தான் கழட்டுனேன்..."

மாதவன் கையிலிருந்த ஒயரைப் பார்த்தான். இறக்கையைப் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது கீழ் வீட்டு ரோஸ்மேரி, நூல் பிசிறு வெட்ட வேண்டிய பனியன் கட்டைத் தலையில் சுமந்தபடி மாடிப்படி ஏறி வந்தாள்.

"என்னண்ணே, ஆஃப் பண்ணிட்டீய? இந்த வாரம் பூரா ஊருக்குள்ள ஒரு எலைகூட அசையல, நீங்க காலைல போட்டுட்டுப் போற இந்த ஃபேனுக்கு முன்னாடி உக்காந்துதாம்ணே நான் தெனமும் பிசிறு வெட்டுதேன்!"