பயற்றங்கொடிக்கு மூச்சு முட்டுகிறது

கிள்ளான், மலேசியா,
ஆகஸ்ட் 1989

பெருமதிப்புக்குரிய சீவரத்தினம் அத்தானுக்கு, மைத்துனன் வல்லிபுரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். சுபாங் ஜெயாவில் தாங்களும் நேசம்மா அக்காவும் கல்யாணப் பெண் லோசனியும் சுகமாயிருக்க முருகன் துணை. என் பயற்றங்கொடிகள் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

கோபிக்க வேண்டாம். என் பின்வேலிக்கு அப்பால் தாங்கள் மேனேஜராக இருக்கும் தொழிற்சாலை புகை விடுகிறதல்லவா, போன மாதம் தாங்களே இங்கு வந்து, "எங்க லா புகையால கெட்டுப்போச்சு? ஒரு இலை பழுத்திருக்கா, காட்டு பார்ப்போம்" என்று சிரித்தீர்களல்லவா, அந்தச் சிரிப்புக்குப் பதில் கிடைத்துவிட்டது. செர்டாங் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கும் என் மகள் புனிதவதி ஒரு கருவி கொண்டுவந்திருக்கிறாள். இலையில் ஒரு கிளிப்பை மாட்டி, ஒளி படாமல் கொஞ்ச நேரம் தூங்க வைத்து, சட்டென்று வெளிச்சம் காட்டினால், இலை தானும் ஒரு துளி சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பித் தருமாம். நம் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். பழுப்பதற்கு வெகு முன்பே இலையின் களைப்பை அதை வைத்துச் சொல்லிவிடலாம். "வெளிய பச்சைதான் அப்பா. உள்ள மூச்சு முட்டுது" என்றாள்.

அன்றிலிருந்து மாலைதோறும் பயற்றம் பந்தலடியில் நாற்காலி போட்டு, கைக்கு எட்டிய இலைகளில் கிளிப்பை மாட்டிவிட்டு, அவை தூங்கும்வரை நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன். ரயில் சத்தம் தூரத்தில் கரைந்து போகும். கிள்ளான் முழுக்க மரமும் செடியும் மெல்லிய சிவப்பில் மினுங்கி, தத்தம் மனக்குறையை ஒவ்வொன்றாகச் சொல்வது போலவும், நான் தலையாட்டிக் கேட்பது போலவும் கனவு வரும். அத்தான், பென்ஷன் வாங்கிய பிறகு இப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை. பக்கத்து வீட்டுக் கன்னையாதான் வேலிமேல் எட்டிப் பார்த்து, "அண்ணே, செடிக்கு எதுக்கு துணி கிளிப்பு? வீட்டுல அக்கா தேடப் போறாங்க லா" என்று கலைத்துவிடுவார். பிறகு புனிதவதி வந்து அளப்பாள். நாளுக்கு நாள் மோசம்.

ஆகவே, வாயில்லாத கொடியைத் திணற வைக்கிறவர் வீட்டு விருந்து என் தொண்டையில் இறங்காது. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் லோசனி கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. தாய்மாமன் இல்லாத கல்யாணமா என்று சபை கேட்கும், அக்கா அழுவாள். அந்தப் பிள்ளைக்கு நடை பழக்கியவன் நான். நானும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் முடிவு முடிவுதான்.

லோசனி மஞ்சள் குங்குமத்தோடு நீடூழி வாழ, தூரத்திலிருந்தே என் ஆசிகள்.

இப்படிக்கு,
கொடிகளின் சார்பில்,
வல்லிபுரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் புனிதவதி முதல்முறையாகப் பந்தல் முழுவதையும் அளந்து முடித்தாள். தங்கள் தொழிற்சாலைப் பக்கத்து வேலியோர இலைகள் அமோகமாக இருக்கின்றனவாம். மூச்சு முட்டுவது என் நாற்காலிக்கு நேர் மேலே தொங்கும் இலைகளுக்கு மட்டும். என் வாயிலிருந்த யாழ்ப்பாணச் சுருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்துவிடுகிறேன். வாசலில் கட்டும் வாழை மரத்திலிருந்து எட்டத்தில் எனக்கு நாற்காலி போடச் சொல்லவும்.